பாட்டிலில் வரும் மெழுகு: டிரையகான்டனால் எதற்கு உதவும், எதற்கு உதவாது?



மானாவாரிப் பருத்தி சப்பை வைத்துப் பூக்கத் தொடங்கும் நேரத்தில் 'டானிக் அடிக்கலாமா?' என்று கேட்டு ஒவ்வொரு ஆண்டும் கடிதங்கள் வரும். இந்த ஆண்டும் வந்திருக்கின்றன. அவற்றில் வாலிகண்டபுரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விரிவாகப் பதில் சொன்னால் மற்றவர்களின் சந்தேகங்களில் பலவும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எனக்கு இரண்டு ஏக்கர் பருத்தியும் அரை ஏக்கர் சின்ன வெங்காயமும் இருக்கிறது. வெங்காயத்தில் தாள் சுருண்டு திருகிக்கொண்டு வருகிறது. கடையில் கேட்டதற்கு டிரையகான்டனால் என்று ஒரு பாட்டில் கொடுத்து, வெங்காயத்துக்கும் பருத்திக்கும் சேர்த்தே அடிக்கச் சொன்னார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் அது ஒரு கொழுப்பு ஆல்கஹால் என்கிறாள். ஆல்கஹாலை அடித்தால் செடி கருகாதா? திருகல் நிற்குமா? விதை வெங்காயத்துக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. தயவுசெய்து உடனே பதில் எழுதவும்.

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் அந்த பாட்டிலால் திருகல் நிற்காது. அதை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வெங்காயத்துக்கு என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கழுத்துப் பகுதி நீண்டு, தாள் வெளுத்துத் திருகிச் சாய்வது பூஞ்சாணத்தால் வரும் திருகல் நோயின் அறிகுறி. ஈரம் தங்கும் வயலிலும், விட்டுவிட்டு மழை பெய்யும் நாட்களிலும் இது வேகமாகப் பரவும். தேங்கிய நீரை இன்றே வடித்துவிடுங்கள். திருகிய செடிகளைப் பிடுங்கி வரப்பில் போடாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். தழைச்சத்து உரம் இடுவதைச் சில நாட்களுக்கு நிறுத்துங்கள். வேரோடும் மண்ணோடும் நாலைந்து செடிகளைப் பிடுங்கி, உங்கள் ஊரிலேயே இருக்கும் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அடித்தாள் அழுகலா, திருகலா, இலைப்பேனா என்று அங்கே செடியைப் பார்த்துச் சொல்வார்கள். பூஞ்சாணக் கொல்லி எது, எவ்வளவு என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். இது நோய்க்கான வழி. பாட்டில் சமாச்சாரம் வேறு.

ஆல்கஹால் என்றால் சாராயம் மட்டுமல்ல

ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்க, அதன் ஒரு முனையில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டியிருந்தால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாராயத்தில் இருக்கும் எத்தனாலுக்கு 2 கார்பன். அது தண்ணீரோடு கலக்கும், காற்றில் ஆவியாகும். சங்கிலி நீள நீள குணம் மாறிவிடும். 12 கார்பன் உள்ள லாரைல் ஆல்கஹால் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது, கொழகொழப்பானது. ஷாம்பு நுரைக்குக் காரணமான பொருள் இதிலிருந்துதான் செய்யப்படுகிறது. 16 கார்பன் உள்ள சீட்டைல் ஆல்கஹால் வெள்ளை மெழுகு போல இருக்கும். களிம்பிலும் முகப்பூச்சிலும் கெட்டித்தன்மைக்காக அதைச் சேர்க்கிறார்கள்.

டிரையகான்டனாலுக்கு 30 கார்பன். அது தண்ணீரில் கரையாது, சாதாரண வெயிலுக்கு உருகாது. உருக வேண்டுமானால் சுமார் 87 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு மெழுகு. சாராயம் போல இலையைச் சுடும் தன்மை இதற்கு இல்லை. கரும்பின் தண்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மாவு, தேன்மெழுகு, அரிசித் தவிட்டு மெழுகு எல்லாவற்றிலும் இது தனியாகவோ, மற்றொன்றோடு பிணைந்தோ இருக்கிறது.

குதிரை மசாலில் கண்ட வித்தை

நம் ஊரில் கறவை மாட்டுக்குப் போடும் குதிரை மசாலிலும் இது இருக்கிறது. பயிர் வளர்ச்சிக்கு இது உதவும் என்று கண்டதும் அதில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ரைஸ் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும், நறுக்கிய குதிரை மசால் வைக்கோலைத் தக்காளி முதலிய நாற்றுகளுக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்துப் பார்த்தார்கள். அதிலுள்ள தழைச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் நாற்றுகள் கூடுதலாக வளர்ந்தன. வைக்கோலிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பிரித்துச் சோதித்ததில் இந்த 30 கார்பன் மெழுகு கிடைத்தது. 1977-ல் சயின்ஸ் இதழில் அதை வெளியிட்டார்கள். குதிரை மசாலில் இந்த மெழுகு இருப்பது 1933-லேயே தெரிந்த விஷயம்தான். பயிரை வளர்க்கும் என்பதுதான் அப்போது தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நெல் நாற்றுகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது சில மணி நேரத்திலேயே எடை கூடியது. இலைப்பரப்பு கூடுவதும் ஒளிச்சேர்க்கை கூடுவதும் பல பயிர்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் வயலுக்குக் கொண்டுவந்தபோது ஒரே மாதிரி விளைவு வரவில்லை. ஓரிடத்தில் மகசூல் கூடியது, இன்னோரிடத்தில் அடித்ததற்கும் அடிக்காததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பாட்டிலில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாளில் இந்த இரண்டாம் பாதி இருக்காது. அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

வயலில் பலன் மாறுவதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் தூய்மை. 28 கார்பன் உள்ள ஆக்டகோசனால் என்ற இன்னொரு மெழுகு கூடவே கலந்திருந்தால், அது டிரையகான்டனாலின் வேலையைத் தடுத்துவிடும் என்று அதே பல்கலைக்கழகத்தார் 1979-ல் கண்டார்கள். பங்காளிச் சண்டை மாதிரிதான். இரண்டாவது, மருந்து தயாரித்த விதம். கரையாத மெழுகை மிக நுண்ணிய துளிகளாக்கி நீரில் பரப்பினால்தான் இலைக்குள் போகும். மூன்றாவது, செடியின் நிலை. வாடிய செடியும் பசித்த செடியும் இதற்குப் பதில் சொல்வதில்லை.

நான் செய்த தவறு

வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் ஒரு கரிசல் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வயதான அம்மா ஒன்றரை ஏக்கரில் பருத்தி போட்டிருந்தார். இலைகள் ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தன. செடி தளர்ந்திருக்கிறது, ஊக்கம் கொடுத்தால் தேறும் என்று நினைத்து டிரையகான்டனாலை எழுதிக்கொடுத்தேன். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தார். சிவப்பு மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் இலையைப் பார்த்ததுமே, "நரம்பு பச்சையா இருக்கு, நடுவுல சிவந்திருக்கு. மக்னீசியம் பத்தலைப்பா" என்றார். மக்னீசியம் சல்பேட் தெளித்த பிறகு புதிய இலைகள் பச்சையாக வந்தன. அதற்குள் கீழ்க்காய்கள் பல உதிர்ந்துவிட்டன.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "பசியில அழுத பிள்ளைக்குப் பொட்டு வச்சு விட்டிங்களே சார்" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் டானிக் பற்றி யார் கேட்டாலும் அந்தச் சொல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

டிரையகான்டனால் உரம் அல்ல. அதில் தழை, மணி, சாம்பல் எதுவும் இல்லை. பூச்சிக்கும் நோய்க்கும் மருந்தும் அல்ல. நன்றாக வளரும் செடியைக் கொஞ்சம் தூண்டிவிடும் வளர்ச்சி ஊக்கி, அவ்வளவுதான். மண்ணில் ஈரமும் சத்தும் இருந்து, நோயில்லாமல் இருக்கும் வயலில் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். கரிசல் மானாவாரிப் பருத்தியில் முதல் செலவு மண் பரிசோதனைக்கும் அதன்படி அடியுரத்துக்கும் போகட்டும். அடுத்தது பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் இலைவழி நுண்ணூட்டத்துக்கு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காட்டன் பிளஸ் ஏக்கருக்கு 2.5 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கப் பரிந்துரை உள்ளது. இதெல்லாம் செய்த பிறகு கையில் காசு மிஞ்சினால் ஊக்கியைச் சோதித்துப் பார்க்கலாம்.

வாங்குவதற்கு முன்

நம் நாட்டில் டிரையகான்டனால் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து விற்கப்பட வேண்டிய பொருள். அதனால் பாட்டிலில் பதிவு எண், மூலப்பொருளின் பெயர், சதவீதம், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எந்தப் பயிருக்கு எவ்வளவு என்ற விவரம், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும். 'அதிசய வளர்ச்சி', 'இரட்டிப்பு மகசூல்' என்று பெரிய எழுத்தில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்ற உயிர்த்தூண்டிகளையும் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே அவற்றுக்கும் விவரம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எதை வாங்கினாலும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் நீங்கள் புகார் கொடுத்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அளவு பற்றி ஒரு கணக்கு. 0.1 சதம் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் உண்மையான சரக்கு 1 கிராம். 0.05 சதம் என்றால் அரை கிராம். 0.1 சத மருந்தை லிட்டருக்கு 1 மில்லி வீதம் 200 லிட்டர் நீரில் கலந்தால், ஏக்கர் முழுவதற்கும் போவது கால் கிராமுக்கும் குறைவான மெழுகுதான். புரிவதற்காகச் சொன்ன கணக்கு இது. உங்கள் பாட்டிலுக்கு அதன் மேல் எழுதியிருக்கும் அளவே சட்டம். இவ்வளவு சிறிய அளவில் வேலை செய்யும் பொருளை, 'ஒரு மூடி கூட ஊற்றினால் நல்லது' என்று ஊற்றக்கூடாது. அளவு கூடினால் பலன் கூடுவதில்லை, குறையவும் செய்யும்.

அடிக்கும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மெழுகு அடியில் தங்கியிருந்தால் முதல் டேங்குக்கு வெறும் நீரும் கடைசி டேங்குக்கு மொத்தச் சரக்கும் போய்விடும். காலையிலோ மாலையிலோ, மண்ணில் ஈரம் இருக்கும்போது அடியுங்கள். போர்டோ கலவை போன்ற காரத்தன்மை உள்ளவற்றோடு கலக்க வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை முக்கோணம்தானே என்று காலி பாட்டிலை வீட்டில் எண்ணெய் ஊற்ற வைத்துக்கொள்ளக் கூடாது.

நாலு வரிசை விட்டு அடியுங்கள்

என் பேச்சையும் கடைக்காரர் பேச்சையும் விட உங்கள் வயல் சொல்வதுதான் உண்மை. ஊக்கி அடிக்கும்போது வயலின் நடுவில் நாலு வரிசையை அடிக்காமல் விடுங்கள். நாலு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். உரம், களை, பூச்சி மருந்து எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கட்டும். அறுவடையில் அந்த நாலு வரிசைப் பருத்தியையும், பக்கத்தில் அடித்த நாலு வரிசைப் பருத்தியையும் தனித்தனியாக எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள். ஓரத்து வரிசை வேண்டாம், அங்கே காற்றும் வெளிச்சமும் கூடுதல்.

பிறகு ஏக்கருக்கு எவ்வளவு கூடியது என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, பாட்டிலுக்கு 500 ரூபாயும் தெளிக்கக் கூலி 400 ரூபாயும் ஆனது, பருத்தி கிலோ 60 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 15 கிலோ கூடினால் போட்ட காசு வந்தது. அதற்கு மேல் கூடினால்தான் லாபம். இரண்டு வருடம் தொடர்ந்து கூடுதல் கிடைத்தால் தைரியமாக அடியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் தொழு உரம் வாங்கிப் போடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் பற்றி வந்த மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: வீட்டில் தேன்மெழுகு இருக்கிறது. அதிலும் இந்தப் பொருள் இருக்கிறது என்கிறார்கள். உருக்கிக் கலந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். தேன்மெழுகில் இது பெரும்பாலும் ஒரு கொழுப்பு அமிலத்தோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை உடைத்துத் தூய்மையாக்கினால்தான் பயன்படும். நான் மேலே சொன்ன 28 கார்பன் பங்காளியும் அதில் உண்டு. உருக்கி ஊற்றினால் ஆறியவுடன் கட்டியாகி நாசிலை அடைத்துவிடும். தேன்மெழுகை விற்றுவிடுங்கள், அதற்கு நல்ல விலை உண்டு. குதிரை மசால் போட்டிருப்பவர்கள் அதை மாட்டுக்குக் கொடுத்துச் சாணத்தை வயலுக்குப் போடலாம். மாடு தின்னாமல் கழிக்கும் முற்றிய தண்டைக் காய்கறிச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டால் தழைச்சத்தும் கிடைக்கும், ஈரமும் காக்கும்.

கேள்வி: செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறோம். மருந்து தாளில் நிற்காமல் உருண்டு ஓடுகிறது. என் வீட்டுக்காரர் டேங்குக்கு இரண்டு ஷாம்பு பாக்கெட் ஊற்றுகிறார். சரியா?

பதில்: உருண்டு ஓடுவதற்குக் காரணம் தாளின் மேலுள்ள மெழுகுப் பூச்சு. பயிர்களின் இலை மெழுகில் கொழுப்பு ஆல்கஹால்களும் உண்டு. அதைத் தாண்டி மருந்தைப் பரப்ப இன்னொரு கொழுப்பு ஆல்கஹால் பொருளே கைகொடுக்கிறது. கடையில் கிடைக்கும் ஒட்டும் திரவங்கள் பலவற்றில், ஒரு முனை எண்ணெயோடும் மறுமுனை நீரோடும் சேரும்படி மாற்றப்பட்ட கொழுப்பு ஆல்கஹால்தான் வேலை செய்கிறது. துளி தட்டையாகி இலை முழுதும் பரவும்.

ஷாம்பும் இதே வழியில் பரவச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதில் உப்பு, வாசனை, கெட்டிப்பொருள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. நுரை டேங்கில் நிறைந்து அளவு தவறும். கூடினால் இளந்தாள் நுனி கருகும். துணி துவைக்கும் சோப்புத்தூள் இன்னும் மோசம். அதன் காரத்தன்மையில் சில மருந்துகள் வீரியம் இழந்துவிடும். பயிருக்கென்று விற்கும் ஒட்டும் திரவத்தை லிட்டருக்கு அரை மில்லி அளவில் கலந்தால் போதும். பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் காதி சோப்புக் கரைசல் சேர்ப்பது பழைய, நல்ல பழக்கம். வெங்காயத்துக்கு ஒட்டும் திரவம் இல்லாமல் எந்த மருந்தையும் அடிக்காதீர்கள். பாதி மருந்து மண்ணுக்குத்தான் போகும்.

கேள்வி: பண்ணைக் குட்டையில் தண்ணீர் வெயிலில் வற்றுகிறது. ஏதோ மெழுகுப் பொடி தூவினால் ஆவியாகாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. சீட்டைல் ஆல்கஹாலும், 18 கார்பன் உள்ள ஸ்டீரைல் ஆல்கஹாலும் நீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் படலமாகப் பரவி ஆவியாவதைக் குறைக்கும். பெரிய நீர்த்தேக்கங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் காற்று அடித்தால் படலம் கரையில் போய் ஒதுங்கிவிடும், அடிக்கடி திரும்பத் தூவ வேண்டும். நம் பகுதியின் காற்றுக்குச் சிறு குட்டையில் இந்தச் செலவு கட்டாது. காற்று வரும் பக்கத்துக் கரையில் மரமோ சவுண்டலோ வரிசையாக வையுங்கள். அடுத்த முறை வெட்டும்போது அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள்.

வாலிகண்டபுரம் வாசகருக்கு மீண்டும் ஒரு வார்த்தை. பாட்டிலைப் பிரிக்காமல் இருந்தால் ரசீதோடு திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்க மறுத்தால் பத்திரமாக வைத்திருங்கள். பருத்தி நன்றாக இருந்து, லேபிளில் பருத்தி பெயரும் இருந்தால், நாலு வரிசை விட்டு அடித்துப் பார்க்கலாம். வெங்காயத்துக்கு மட்டும் இன்றைக்கே செடியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய்வாருங்கள். உங்கள் மகளையும் கூட அழைத்துப் போங்கள். லேபிளைப் படித்து அப்பாவுக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு நாலு வீட்டுக்குச் சொல்லும்.

நாலு வரிசை விட்டுச் சோதிப்பவர்கள், பயிர், ரகம், தெளித்த தேதி, இரண்டு பக்க எடை ஆகியவற்றை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பலன் இல்லை என்றாலும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு அதுவும் உதவும். அறுவடை முடிந்ததும் இதே பகுதியில் அவற்றை வெளியிடுகிறேன்.

அடுத்த இதழில் மக்காச்சோளப் படைப்புழு பற்றி வந்திருக்கும் கேள்விகளோடு சந்திப்போம். வணக்கம்.